கீழ்வெண்மணியை இன்றைய மாணவர்களிடம் எப்படிக் கொண்டுசேர்ப்பது?

கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் நாட்டு நலப்பணித் திட்டத்தைக் கவனித்துவரும் ஆசிரியர் ஒருவரின் கேள்வி இது. ஆண்டுதோறும் மாணவர்களைக் கீழ்வெண்மணி நினைவிடத்துக்கு அழைத்துச் செல்கிறார். அங்கே போனதும் அவர்கள் அமைதியாகிவிடுகிறார்கள், கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்கிறார்கள், திரும்பும் வழியில் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். "இவர்களுக்கு இது உறைக்கவில்லையா, உறைக்க வைக்க எனக்குத்தான் தெரியவில்லையா?" என்று கேட்டிருக்கிறார்.

மாணவர்களுக்கு உறைக்காமல் இல்லை. 1968இல் கூலி கூட்டிக் கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்ட இடத்தில் நிற்கும் 18 வயதுப் பிள்ளை பேச்சற்றுப் போவது இயல்பானது. அந்த அமைதிக்குப் பிறகு அவர்கள் செய்வதற்கு எந்த வேலையையும் நாம் வைத்திருப்பதில்லை என்பதுதான் சிக்கல். மலர்வளையம் வைத்தாயிற்று, உரை கேட்டாயிற்று, உறுதிமொழி எடுத்தாயிற்று. அதற்கு மேல் அந்தப் பிள்ளையிடம் நாம் எதையும் கேட்பதில்லை. பெரியவர்கள் ஏற்கெனவே முடித்துவைத்த துக்கத்தில் அவர்கள் விருந்தாளிகளாக வந்து போகிறார்கள். ஆகவே எப்படி உணர வைப்பது என்ற கேள்வியைச் சற்று ஒதுக்கிவைத்து, எதைத் தேடிக் கண்டறியும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைப்பது என்று யோசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மாணவர்களோடு இந்த வேலையை நெடுங்காலம் செய்துவந்தவன் என்ற முறையில், எனக்குப் பலன் தந்த வழிகளையே கீழே எழுதுகிறேன்.

முதலில், நெருப்பிலிருந்து தொடங்காதீர்கள். 1968 டிசம்பர் 25 இரவிலிருந்து கதையைத் தொடங்கினால், கொடியவர்கள் சிலர் ஓர் இரவில் செய்த கொடுமையாக மட்டுமே அது மாணவர் மனத்தில் பதியும். அதற்குக் குறைந்தது 20 ஆண்டுகள் முன்னால் போக வேண்டும். அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், மிராசுதார்களின் நிலத்தில் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையாள்களாகக் கட்டுண்டு கிடந்த தலித் குடும்பங்களின் வாழ்க்கை எப்படி இருந்தது, சவுக்கடியும், சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பாலும் தண்டனைகளாக எப்படி வழக்கத்தில் இருந்தன, 1940களில் பி. சீனிவாசராவ் போன்ற பொதுவுடைமை இயக்கத்தவர் வந்து சங்கம் கட்டிய பிறகு எவை மாறின, 1952இல் வந்த தஞ்சை சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் எதைத் தந்தது, எதைத் தரவில்லை என்பவற்றையெல்லாம் மாணவர்கள் அறிந்த பிறகுதான் 1968க்கு வர வேண்டும். 1960களில் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்குத் தஞ்சை தேர்ந்தெடுக்கப்பட்டதும், ஏடிடி-27 போன்ற குறுகிய கால நெல் வந்ததும், விளைச்சல் கூடியதும் வேளாண்மைப் பாடத்தில் வெற்றிக் கதையாக வருகின்றன. கூடுதலாக விளைந்ததில் அறுத்தவருக்கு என்ன பங்கு என்று கேட்டவர்களும் அதே ஆண்டுகளில் அதே வயல்களில்தான் இருந்தார்கள் என்பதைச் சேர்த்துச் சொன்னால், இரண்டு பாடங்களும் ஒன்றாகிவிடுகின்றன.

கூலியைக் கூட்டிக் கேட்ட அந்தக் கோரிக்கை இன்றுவரை "அரைப்படி நெல்" என்றுதான் நினைவுகூரப்படுகிறது. இந்தச் சொல்லை மேடையில் கேட்கும் மாணவருக்கு அதன் அளவு தெரியாது. தெரிய வாய்ப்பும் இல்லை. வீட்டில் பரணில் கிடக்கும் பழைய இரும்புப் படி ஒன்றையும் கொஞ்சம் நெல்லையும் வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். படியை நிரப்பித் தலையைத் தட்டி, அதில் பாதியைத் தாளில் கொட்டச் சொல்லுங்கள். அந்தக் குவியல் இரண்டு கைகளை ஏந்தினால் ஏறக்குறைய அடங்கிவிடும். குத்தினால் ஏறத்தாழக் கால்படி அரிசிதான் தேறும் என்பதையும் சொல்லுங்கள். நான் இதைச் செய்த வகுப்பு ஒன்றில், மேசையைச் சுற்றி நின்றவர்களில் ஒரு மாணவி, "இதைக் கொடுத்திருந்தால் அவர்களுக்கு என்ன குறைந்திருக்கும்?" என்று கேட்டார். அதுவே அடுத்த வகுப்புக்கான கேள்வியாயிற்று. நெல் உற்பத்தியாளர் சங்கம் என்ற பெயரில் நிலவுடைமையாளர்கள் ஏன் ஒன்றுதிரண்டார்கள், செங்கொடியை இறக்கிவிட்டுத் தங்கள் சங்கக் கொடியை ஏற்றும்படி ஏன் வற்புறுத்தினார்கள், வெளியூர் ஆட்களை அறுவடைக்கு ஏன் இறக்கினார்கள் என்று தேடிப் போனால், அவர்கள் அஞ்சியது நெல்லின் அளவைக் கண்டு அல்ல, கேட்கத் துணிந்தவர்களைக் கண்டு என்பது மாணவர்களுக்குத் தானாகவே விளங்கிவிடும். நாம் அந்த முடிவை முன்கூட்டியே சொல்லிக் கெடுக்காமல் இருந்தால் போதும்.

நிகழ்வைச் சொல்லும்போது சங்கடமான பகுதிகளையும் விடாமல் சொல்ல வேண்டும். 1968 டிசம்பர் 25 அன்று மாலை நடந்த மோதலில் நிலவுடைமையாளர் தரப்பைச் சேர்ந்த பக்கிரிசாமி என்பவர் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் தொழிலாளர்கள் தண்டனை பெற்றார்கள். அன்றிரவே தெருவுக்குள் ஆயுதங்களோடு ஆட்கள் புகுந்தார்கள். ஓட முடியாதவர்கள் ராமையாவின் சிறு குடிசைக்குள் ஒடுங்கினார்கள். அந்தக் குடிசை கொளுத்தப்பட்டது. இறந்த 44 பேரில் மிகப் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். பக்கிரிசாமியின் மரணத்தை மறைத்துச் சொன்னால், பின்னாளில் இணையத்தில் எங்கோ அதைப் படிக்கும் மாணவர் நீங்கள் சொன்ன மற்றவற்றையும் சந்தேகிப்பார். அதைச் சொல்லிவிட்டு, ஒரு மரணமும் 44 மரணங்களும் நீதிமன்றத்தில் எப்படி எடைபோடப்பட்டன என்று கேட்பதே நேர்மையான வழி. நியாயம் நம் பக்கம் இருக்கும்போது முழு உண்மையைச் சொல்ல அஞ்ச வேண்டியதில்லை.

நீதிமன்றம்தான் இந்தப் பாடத்தின் மையமாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கொடுமையின் விவரங்கள் மாணவரை உறைய வைக்கின்றன. தீர்ப்பின் வாதமோ அவரைச் சிந்திக்க வைக்கிறது. 1970இல் நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட நிலவுடைமையாளர்கள் சிலருக்குச் சிறைத் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அந்தத் தீர்ப்பில் வரும் ஒரு பகுதியை மாணவர்கள் தாங்களே படிக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்ட 23 பேருமே மிராசுதார்களாக இருப்பது வியப்பளிக்கிறது என்றும், அவர்களில் பெரும்பாலோர் பரந்த நிலங்களை உடைய செல்வந்தர்கள், குற்றம் சாட்டப்பட்டவர்களில் முதலாமவர் கார் வைத்திருப்பவர் என்றும், அப்படிப்பட்டவர்கள் வேலைக்காரர்களின் துணை இல்லாமல் தாங்களே நடந்து வந்து வீடுகளுக்குத் தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கடினம் என்றும் அதன் சாரம் அமைகிறது. மூலம் ஆங்கிலத்தில் இருப்பதால், மாணவர்கள் இருவர் இருவராக அமர்ந்து அந்தப் பத்தியைத் தமிழாக்கட்டும். மொழிபெயர்க்கும்போது ஒரு வாக்கியத்தையும் தாண்டிப்போக முடியாது. ஒவ்வொரு வாக்கியமும் எதைச் சான்றாக எடுத்துக்கொண்டது, எதை இயல்பென்று கருதிக்கொண்டது என்று நின்று பார்க்க வேண்டிவரும். பிறகு, இதே தர்க்கத்தை ஏழை ஒருவர் மீதான வழக்கில் பொருத்தினால் என்ன ஆகும் என்று எழுதச் சொல்லுங்கள். நினைவிடத்தில் வாயடைத்து நின்ற அதே பிள்ளைகள் இந்த இடத்தில் வாதாடத் தொடங்குவதைக் காண்பீர்கள்.

இப்போது நீங்கள் கேட்காத, ஆனால் உங்கள் வகுப்பில் கட்டாயம் இருக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் எந்தக் கல்லூரி வகுப்பிலும் ஒடுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளும் ஒடுக்கியவர்களின் பேரப்பிள்ளைகளும் அடுத்தடுத்த இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார்கள். யார் யாரென்று ஆசிரியருக்குத் தெரியாவிட்டாலும் அவர்களுக்குள் பெரும்பாலும் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் பள்ளி மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அவரோடு படித்த மாணவர்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024இல் அளித்த அறிக்கையில், மாணவர்கள் சாதி அடையாளமாக வண்ணக் கயிறுகள் கட்டிக்கொள்வதைத் தடுக்கப் பரிந்துரைக்க வேண்டியிருந்தது. ஆகவே கீழ்வெண்மணியைப் பழங்கதையாகக் கேட்கும் வகுப்பு எதுவும் நம்மிடம் இல்லை. தலித் மாணவர் ஒருவரைப் பார்த்து, "உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிடாதீர்கள். அவர் தன் வலியைக் காட்சிப்படுத்தி மற்றவர்களுக்குப் பாடம் நடத்தக் கடமைப்பட்டவர் அல்லர். அதேபோல, நிலவுடைமைச் சாதியில் பிறந்த மாணவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் வீண். அவர் வாயை மூடிக்கொள்வார், வெளியே போய் வேறோரிடத்தில் வேறு விதமாகத் திறப்பார். அவரிடம் கேட்க வேண்டியது வேறு: உங்கள் ஊரில் நிலம் யாரிடம் இருந்தது, இப்போது யாரிடம் இருக்கிறது, சுடுகாட்டுப் பாதை எது வழியாகப் போகிறது, டீக்கடையில் தனிக் குவளை எப்போது நின்றது, அதை நிறுத்தியது யார்? இவை விசாரித்துத் தெரிந்துகொள்ளக்கூடிய செய்திகள். விசாரிக்கப் போகிற பிள்ளை தன் வீட்டுப் பெரியவர்களிடம்தான் முதலில் போக வேண்டியிருக்கும். அந்த உரையாடல் வகுப்பறையில் நாம் நடத்தக்கூடிய எதையும்விட ஆழமாகப் போகும்.

இந்த இடத்தில் ஜெர்மானியர்களின் அனுபவம் நமக்கு உதவும். 1976இல் பாய்டெல்ஸ்பாக் என்ற ஊரில் கூடிய அரசியல் கல்வியாளர்களின் விவாதத்திலிருந்து அவர்கள் மூன்று நெறிகளை வகுத்துக்கொண்டார்கள். மாணவரைத் தன் கருத்தால் மூழ்கடித்து அவர் சுயமாகத் தீர்ப்புச் சொல்லவிடாமல் செய்யக் கூடாது; அறிவுலகிலும் அரசியலிலும் சர்ச்சைக்குரியதாக இருப்பது வகுப்பிலும் சர்ச்சைக்குரியதாகவே வர வேண்டும்; மாணவர் தன் சொந்த நிலையையும் நலனையும் ஆராயும் திறனைப் பெற வேண்டும். இரண்டாவது நெறியை நான் ஒரு வரம்போடுதான் ஏற்கிறேன். குடிசை எரிந்ததா, மனிதர்கள் இறந்தார்களா என்பவை விவாதத்துக்கு உரியவை அல்ல. இதை வர்க்கப் போராட்டமாகப் படிப்பதா, சாதி ஒடுக்குமுறையாகப் படிப்பதா, அன்று இயக்கங்களும் அரசும் நடந்துகொண்ட விதம் சரியா என்பவையெல்லாம் இன்றும் தீராத விவாதங்கள். ஆசிரியர் தன் நிலைப்பாட்டை மறைக்க வேண்டாம். மாணவர் அதை ஒப்பித்தால் மதிப்பெண் கிடைக்கும் என்ற நிலை மட்டும் வந்துவிடக் கூடாது.

அதே நாட்டில் 1992 முதல் குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் தொடங்கிய ஒரு பணி நடந்துவருகிறது. நாஜிகளால் கொல்லப்பட்டவர்களும் துரத்தப்பட்டவர்களும் கடைசியாகத் தம் விருப்பப்படி வாழ்ந்த வீட்டின் முன் நடைபாதையில், 10 சென்டிமீட்டர் சதுரத்தில் பித்தளைத் தகடு பொருத்திய கல் ஒன்றைப் பதிக்கிறார்கள். ஒருவருக்கு ஒரு கல் என்ற கணக்கில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட கற்கள் ஐரோப்பாவெங்கும் பதிக்கப்பட்டுவிட்டன. எனக்கு முக்கியமாகப் படுவது கல் அல்ல, அதன் பின்னால் நடக்கும் உழைப்பு. பல ஊர்களில் பள்ளி மாணவர்கள்தான் ஆவணக் காப்பகத்துக்குப் போய்ப் பெயர், பிறந்த ஆண்டு, இறுதியில் நேர்ந்தது ஆகியவற்றைத் தேடி எடுக்கிறார்கள். நம் நினைவிடக் கல்லில் 44 பெயர்கள் இருக்கின்றன. உங்கள் மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயரைக் கொடுத்து, அவர் யாருடைய மகள், யாருடைய தம்பி, உறவினர் யார் என்று எழுதச் சொன்னால், ஒரே குடும்பத்தில் எத்தனை பேர் போனார்கள் என்பது அந்தப் பட்டியலிலிருந்து எழுந்துவரும். நிறைய இடங்களில் விடை கிடைக்காது. கூலித் தொழிலாளியின் பிறப்பும் வாழ்வும் எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் போனது ஏன் என்ற கேள்வி அப்போது வரும், அதுவும் பாடம்தான்.

ஊரில் இருக்கும் முதியவர்களிடம் பேசப் போகும்போது மிகுந்த கவனம் வேண்டும். டிசம்பர் வந்தால் ஒலிவாங்கியை நீட்டி, "அன்றைக்கு ராத்திரி என்ன நடந்தது, சொல்லுங்க பாட்டி" என்று கேட்பவர்கள் ஆண்டுதோறும் வருகிறார்கள். அந்த இரவை மீண்டும் மீண்டும் வாழ வைக்க நமக்கு உரிமை இல்லை. அதைப் பற்றிய வாக்குமூலங்கள் ஏற்கெனவே பதிவாகியும் இருக்கின்றன. மாணவர்கள் கூலி அளந்த விதத்தைக் கேட்கட்டும், நடவுப் பாட்டைக் கேட்கட்டும், சங்கக் கூட்டம் எங்கே நடக்கும், பெண்கள் எப்போது பேசினார்கள், பிள்ளைகள் முதன்முதலில் பள்ளிக்குப் போனது எப்போது என்று கேட்கட்டும். நெருப்பைப் பற்றி அந்தப் பாட்டி தானாகப் பேசினால் குறுக்கிடாமல் கேட்கட்டும். நிறுத்தினால் அவர்களும் நிறுத்தட்டும். பதிவு செய்வதற்கு முன் அனுமதி கேட்பதும், அந்தப் பதிவை எங்கே வைக்கப்போகிறோம் என்று சொல்வதும், படியெடுத்து அந்த வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பதும் இந்தக் கல்வியின் பகுதிகள்.

இன்னொரு கேள்விக்கும் ஆயத்தமாக இருங்கள். உயர் நீதிமன்றம் விடுவித்த கோபாலகிருஷ்ண நாயுடு 1980 டிசம்பரில் கொல்லப்பட்டார். இதைக் கேட்டதும் வகுப்பில் ஒரு நிம்மதிப் பெருமூச்சு எழும். சிலர் கைகூடத் தட்டுவார்கள். அவர்களைக் கண்டிக்காதீர்கள். சட்டம் கைவிட்ட இடத்தில் எழும் உணர்வு அது. ஆனால் கதையை அங்கேயே முடித்துவிடவும் கூடாது, ஏனென்றால் அதே மண்ணில் வேறு பதில்களும் எழுந்தன. கூலிச் சிக்கலை விசாரிக்கக் கணபதியா பிள்ளை ஆணையம் அமைக்கப்பட்டு, 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. காந்தியவாதிகளான கிருஷ்ணம்மாளும் அவருடைய கணவர் ஜெகநாதனும் இந்தப் படுகொலைக்குப் பின் கீழத்தஞ்சையிலேயே தங்கி, 1981இல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கி, நிலமற்ற தலித் குடும்பங்களுக்குப் பெண்கள் பெயரில் நிலம் பெற்றுத்தந்தார்கள். சங்கம் கலையவில்லை, கொடியும் இறங்கவில்லை. இறந்தவர்களுக்கு எது நீதி, இருப்பவர்களுக்கு எது நீதி என்று மாணவர்கள் தங்களுக்குள் வாதிடட்டும். இதில் ஒருமித்த முடிவு வராது; வர வேண்டியதும் இல்லை.

கீழ்வெண்மணியை மட்டும் படித்தவர் நீதிமன்றத்தால் எதுவும் ஆகாது என்ற முடிவோடு போய்விடக்கூடும் என்பதால், அடுத்த பருவத்தில் வாச்சாத்தியை வைக்கும்படி பரிந்துரைக்கிறேன். 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டத்தின் அந்த மலையடிவாரச் சிற்றூரில், சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லிப் புகுந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் 18 பெண்களைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினார்கள், வீடுகளைச் சூறையாடினார்கள். குற்றம் சாட்டப்பட்ட அரசு ஊழியர்கள் 269 பேர். 2011 செப்டம்பரில் தீர்ப்பு வந்தபோது 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேருமே குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் சொன்னது. 2023இல், நீதிபதியே நேரில் ஊருக்குச் சென்று பார்த்த பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அந்தப் பெண்களில் பலர் அன்று உங்கள் மாணவிகளின் வயதினர். 31 ஆண்டுகள் அவர்கள் சாட்சியத்திலிருந்து பின்வாங்கவில்லை. இரண்டு வழக்குகளையும் அருகருகே வைத்து, சாட்சியம் சொன்னவர்கள் யார், அவர்களை நம்பியவர் யார், அவர்களோடு கூட நின்றவர்கள் யார், புலனாய்வு யார் கைக்குப் போனது என்று ஒப்பிடச் சொன்னால், எது மாறினால் தீர்ப்பு மாறுகிறது என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

நடைமுறையைப் பொறுத்தவரை, நினைவிடப் பயணத்தை ஆண்டின் தொடக்கமாக வைக்காமல் கடைசியில் வையுங்கள். ஜூலையில் படியும் நெல்லும், ஆகஸ்டில் தீர்ப்பு, செப்டம்பர் முதல் அவரவர் ஊர் விசாரணை, நவம்பரில் பெயர்ப் பட்டியல் என்று போனால், டிசம்பரில் அங்கே நிற்கும் மாணவர் ஏதோ ஒரு பெயரைத் தேடி அந்தக் கல்லின் முன் நிற்பார். அப்போதும் படம் எடுப்பார்கள், எடுக்கட்டும். அதன் கீழ் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள். கூட்டம் மிகுந்த டிசம்பர் 25 அன்றே போக வேண்டும் என்பதில்லை. ஒரு வாரம் முன்னதாகப் போனால் ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேச இடம் கிடைக்கும். கல்லூரி நிர்வாகம் இது அரசியல் என்று தயங்கினால், நீங்கள் கற்பிக்கப்போவது வெளியான தீர்ப்புகளையும் ஆணையத்தின் வரலாற்றையும் நடைமுறைக்கு வந்த சட்டங்களையும் என்று எழுத்தில் கொடுங்கள். இவற்றில் எதையும் மறைவாகக் கற்பிக்க வேண்டிய தேவை இல்லை. மாணவர்கள் திரட்டிய ஊர்க் குறிப்புகளைக் கல்லூரி நூலகத்தில் ஒரு அலமாரியில் சேர்த்துவைத்து, அடுத்த ஆண்டு வருகிறவர்கள் அவற்றைச் சரிபார்த்துத் திருத்தும் வேலையிலிருந்தே தொடங்கும்படி ஏற்பாடு செய்யுங்கள்.